தினமும் கண்ணில் பட்டும் ரொம்ப நாள் கழித்துத்தான் உங்களுக்கு விளங்கியது எது?

மொட்டைமாடி:

போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்லிவிட்டுக் கேள்விக்கு வருகிறேன். சித்தப்பா வீட்டுக் கல்யாணம். பந்தியில் சாம்பார் வாளியோடு வந்த பையனுக்குக் கை கொஞ்சம் ஆடியது, என் புது வேட்டியில் முழுசாக ஒரு கரண்டி. வீட்டுக்கு வந்ததும் குளியலறையில் குந்தி உட்கார்ந்து துணி சோப்பைப் போட்டுத் தேய்த்தேன். அதுவரை மஞ்சளாக இருந்த கறை ரத்தம் மாதிரிச் சிவந்துவிட்டது. சரி, இன்னும் கொஞ்சம் சோப்பு போடுவோம் என்று போட்டால் இன்னும் சிவக்கிறது. யாரையோ வெட்டிவிட்டு வந்தவன் மாதிரி வேட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், அம்மா எட்டிப் பார்த்து, "அலசிட்டு வெயில்ல போடுடா, தானா போயிடும்" என்று சொல்லிவிட்டு டிவி பார்க்கப் போய்விட்டாள்.

அலசினால் மறுபடி மஞ்சள். கறை வெயிலைப் பார்த்தமாதிரி கொடியில் போட்டேன். சாயங்காலம் எடுக்கும்போது அது எங்கே இருந்தது என்று தேடவேண்டியிருந்தது.

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். மஞ்சளில் இருக்கும் குர்குமின் காரம் பட்டால் சிவக்கும், காரம் போனதும் பழைய நிறத்துக்கு வந்துவிடும். துணி சோப்பு காரம். அதே குர்குமின் வெயில் பட்டால் சிதைந்து நிறத்தை இழந்துவிடும். இதில் எனக்கு உறைத்தது வேட்டி விஷயம் இல்லை. ஆரத்தி! மஞ்சள் தண்ணீரில் துளி சுண்ணாம்பைக் கரைத்தால் சிவப்பாகிறதே, அதுவும் இதேதான். எங்கள் வீட்டில் எத்தனை ஆரத்தி எடுத்திருப்பார்கள், நாற்பத்திரண்டு வயது வரை குங்குமத்தைக் கரைக்கிறார்கள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். மகளிடம் பெருமையாகச் சொன்னால், "அது எங்க சயின்ஸ் புக்லயே இருக்குப்பா" என்கிறாள்.

கேள்வி இதுதான். வருடக்கணக்காகக் கண் முன்னால் இருந்து, ஒரு நாள் திடீரென்று "அட, இதுவா" என்று உங்களுக்குப் புரிந்த சின்ன விஷயம் எது? தேடி எடுத்து ஒட்டும் 'உங்களுக்குத் தெரியுமா' வகை வேண்டாம், அதற்கு வாட்ஸ்அப் இருக்கிறது. கையில் பட்டது, வேலையில் தெரிந்தது, யாரோ சொல்லி நீங்களே பார்த்துச் சரி என்று கண்டது, அப்படி எழுதுங்கள்.

பச்சைக்கொடி:

ரயில்வேயில் முப்பத்தொரு வருடம். அதில் பாதிக்கு மேல் விழுப்புரம் திருச்சி தடத்தில் ஒரு சின்ன ஸ்டேஷன். எனக்குத் தெரிந்த விஷயம்தான், ஆனால் மற்றவர்களுக்குத் தெரியாது என்பதே எனக்குப் பேரன் கேட்டபோதுதான் தெரிந்தது. ஒன்றாம் வகுப்புப் பையன். பிளாட்பாரத்தில் நிற்கும்போது, "தாத்தா, கடைசிப் பெட்டிக்கு மட்டும் ஏன் மிஸ் தப்பு போட்டிருக்காங்க?" என்றான். பெரிய மஞ்சள் பெருக்கல் குறியைச் சொல்கிறான். அவன் நோட்டில் அந்த வாரம் நிறைய விழுந்திருக்கும் போல.

அது 'இதுதான் கடைசிப் பெட்டி' என்பதற்கான குறி. கூடவே 'எல்.வி.' என்று எழுதிய சின்னப் பலகையும் தொங்கும், லாஸ்ட் வெஹிக்கிள் என்பதன் சுருக்கம். ராத்திரியில் சிவப்பு விளக்கு. பயணிகளுக்காக வைத்தது இல்லை, எங்களுக்காக வைத்தது. நிற்காமல் போகும் வண்டியை ஸ்டேஷன் மாஸ்டர் வெளியே வந்து கொடியோடு நின்று பார்ப்பதை நீங்கள் ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பீர்கள், ஏதோ மரியாதைக்கு நிற்கிறார் என்று நினைத்திருப்பீர்கள். அவர் பார்ப்பது கடைசியில் அந்தக் குறி வருகிறதா என்று. வந்தால் வண்டி முழுசாக வந்துவிட்டது என்று அர்த்தம். வராவிட்டால் நடுவழியில் எங்கோ இணைப்பு விட்டு நாலைந்து பெட்டி தண்டவாளத்தில் நிற்கலாம், பின்னால் அடுத்த வண்டியை விட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. என் சர்வீஸில் ஒரே ஒரு தடவை குறியும் பலகையும் இல்லாமல் ஒரு வண்டி என்னைக் கடந்து போனது. மழை நாள். அடுத்த ஸ்டேஷனுக்குச் சொல்லி நிறுத்தி, பெட்டிகளை எண்ணிப் பார்த்து, எல்லாம் இருக்கிறது, பலகை மாட்ட மறந்திருக்கிறார்கள் என்று தகவல் வரும்வரை எனக்கு உள்ளங்கை வேர்த்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

இன்னொன்று. பல பெட்டிகளின் பக்கவாட்டில் ஐந்து இலக்க எண் எழுதியிருக்கும். முதல் இரண்டு இலக்கம் அந்தப் பெட்டி செய்த வருடம். அடுத்த மூன்று அது என்ன வகை என்று சொல்லும்: 101 முதல் 150 வரை மூன்றடுக்கு ஏசி, 201 முதல் 400 வரை ஸ்லீப்பர். அடுத்த தடவை ஏறும்போது பாருங்கள்.

மொட்டைமாடி:

ஐயா, நேற்று கடலூர் போகும்போது பார்த்தேன். 07288. 2007-இல் செய்த ஸ்லீப்பர். என் தங்கை மகனைவிட ஒரு வயது மூத்த பெட்டி, அவனைவிட நன்றாக இருக்கிறது.

இன்னொரு சந்தேகம். கடைசியில் கொடியோடு இருப்பவரை இப்போது கார்டு என்று சொல்லக்கூடாதாமே?

பச்சைக்கொடி:

2022-இல் டிரெயின் மேனேஜர் என்று பெயரை மாற்றினார்கள் தம்பி. நாங்கள் இன்னும் கார்டு என்றுதான் சொல்கிறோம், அவரும் திரும்பிப் பார்க்கிறார்.

தராசுத்தட்டு:

நகைக்கடையில் கணக்கு எழுதுகிறேன், பதினெட்டு வருடம். பேப்பரில் 'சவரன் விலை' என்று போடுவார்கள், வீட்டில் 'பவுன்' என்பார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இரண்டும் ஒரே எடை என்று மனப்பாடம் செய்ததோடு சரி, ஏன் இரண்டு பெயர் என்று யோசித்ததே இல்லை.

ஒரு நாள் வயதான அம்மா ஒருவர் காசுமாலையை அழித்துப் பேத்திக்குச் செயின் செய்யவேண்டும் என்று எடுத்து வந்தார். மாலையில் கோத்திருந்ததில் நாலைந்து நிஜமான நாணயம். ஒரு பக்கம் ராஜா தலை. மறுபக்கம் குதிரைமேல் ஒருவர் இருந்து கீழே கிடக்கும் பாம்பு மாதிரி ஒன்றைக் குத்துகிறார் (அது டிராகன் என்று பிறகுதான் தெரிந்தது, அந்த அம்மா முனீஸ்வரன் என்று சொல்லிக்கொண்டிருந்தார்). எங்கள் முதலாளி கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "இதுதாண்டா ஒரிஜினல் சவரன்" என்றார்.

விஷயம் இதுதான். பிரிட்டிஷ்காரர்களின் தங்க நாணயத்துக்குப் பெயர் சாவரின். இப்போதைய வடிவில் 1817-இல் அடிக்கத் தொடங்கியது. நாணயத்தின் மதிப்பு ஒரு பவுண்டு. நாணயத்தின் பெயரை எடுத்துக்கொண்டவர்கள் சவரன் என்றார்கள், மதிப்பை எடுத்துக்கொண்டவர்கள் பவுன் என்றார்கள், இரண்டும் ஒரே காசு! அதன் எடை 7.988 கிராம். நாம் அதை எட்டு என்று முழுசாக்கிக்கொண்டோம். தங்கம் 22 கேரட், அதாவது இருபத்துநாலில் இருபத்திரண்டு பங்கு, வகுத்தால் 0.9166. நகைக்குள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிற 916 அங்கேயிருந்து வருகிறது. 1918-இல் பம்பாயிலேயேகூட இந்தச் சாவரினை அடித்திருக்கிறார்கள்.

ஆக, தமிழ்நாட்டில் பெண் பார்க்கப் போகிற இடத்தில் "எத்தனை பவுன் போடுவீங்க" என்று கேட்பவர் தன்னை அறியாமலே இங்கிலாந்து நாணயத்தில் கணக்குப் பேசிக்கொண்டிருக்கிறார். எனக்கு அந்தக் கேள்வியே பிடிக்காது, அது வேறு விஷயம்.

அதற்கு முன்னால் நம் ஆசாரிகள் எடை பார்த்தது குன்றிமணியை வைத்து. சிவப்பில் கறுப்புப் பொட்டு வைத்த விதை, பிள்ளையார் சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையாருக்குக் கண்ணாக ஒட்டுவோமே, அதுதான். ஒன்று சுமார் 0.12 கிராம். "வீட்டில் ஒரு குண்டுமணித் தங்கம்கூட இல்லை" என்று சொல்கிறோமே, அது சும்மா வந்த பேச்சு இல்லை, நிஜமாகவே ஒரு எடைக்கல்லின் பெயர். விளையாடக் கொடுக்கும்போது ஜாக்கிரதை, உள்ளே இருப்பது கடும் விஷம். அப்புறம் வேடிக்கை என்னவென்றால் கேரட் என்ற சொல்லும் கரோப் என்ற மரத்தின் விதைக்கு கிரேக்கர்கள் வைத்த பெயரிலிருந்து வந்ததுதான். எல்லா ஊர்த் தட்டாரும் விதையைத்தான் தேடியிருக்கிறார்கள்.

மிளகுரசம்:

அப்போ ஒவ்வொரு பவுனிலும் நமக்கு 12 மில்லிகிராம் லாபமா?

தராசுத்தட்டு:

நூறு பவுன் வாங்கினால் 1.2 கிராம் கூடுதல் வரும். எட்டு கிராமுக்கும் சேர்த்துத்தான் காசு வாங்குகிறோம், ஆகவே கனவு காணவேண்டாம்.

நல்லதைப் பகிர்வோம்:

அனைவருக்கும் வணக்கம். மிக முக்கியமான தகவல், தயவுசெய்து அனைவருக்கும் அனுப்பவும். சமையல் கேஸ் சிலிண்டருக்குக் காலாவதித் தேதி உண்டு! சிலிண்டரின் மேல் பகுதியில் ஏ, பி, சி, டி என்ற எழுத்தும் இரண்டு இலக்க எண்ணும் இருக்கும். காலாவதியான சிலிண்டர் வெடிக்கும். அதேபோல் டூத் பேஸ்ட் டியூபின் அடியில் உள்ள கட்டம் பச்சை என்றால் இயற்கை, கறுப்பு என்றால் முழுக்க ரசாயனம். பார்கோடு 890 என்று ஆரம்பித்தால் மட்டுமே இந்தியாவில் தயாரித்தது. விழிப்புணர்வு கொள்வோம்!

மொட்டைமாடி:

வந்துவிட்டது. கேள்வியில் என்ன எழுதியிருந்தேன்?

ரெகுலேட்டர்:

இருங்கள், அவரை விரட்டாதீர்கள். பாதி சரியாகச் சொல்லியிருக்கிறார், அந்தப் பாதிதான் ஆபத்து. கேஸ் நிரப்பும் ஆலையில் பதினொரு வருடம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

சிலிண்டர் கழுத்தைச் சுற்றி ஒரு வளையம் இருக்கும், கைபிடித்துத் தூக்குவோமே அது. அதைத் தாங்கும் பட்டைகளின் உள்பக்கம் பாருங்கள். எழுத்தும் எண்ணும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி ஏப்ரல் முதல் ஜூன், சி ஜூலை முதல் செப்டம்பர், டி அக்டோபர் முதல் டிசம்பர். எண் வருடம். சி-27 என்றால் 2027 செப்டம்பருக்குள் அந்த இரும்பு உருளையை மறுசோதனைக்கு அனுப்பவேண்டும். புது சிலிண்டருக்கு முதல் சோதனை பத்து வருடத்தில், அப்புறம் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. உள்ளே தண்ணீரை நிரப்பி அழுத்தம் ஏற்றிப் பார்ப்பார்கள். தேறினால் புது எழுத்தும் எண்ணும் போட்டு மறுபடி சுற்றுக்கு வரும், தேறாவிட்டால் கழித்துவிடுவார்கள். கேஸ் ஊசிப்போகிற பண்டம் இல்லை, அதற்குக் காலாவதி கிடையாது. தேதி தாண்டிய மறுநாள் வெடிக்கவும் வெடிக்காது. ஆனால் தேதி தாண்டிய சிலிண்டர் உங்கள் வாசலுக்கு வந்தால் வாங்காதீர்கள், மாற்றித் தரச் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை.

அதே பட்டையில் காலி சிலிண்டரின் எடையும் எழுதியிருக்கும். 15.9 என்றிருந்தால் அதோடு 14.2 கிலோ கேஸைச் சேர்த்து 30.1 வரவேண்டும். கொண்டுவருபவரிடம் எடைபோட்டுக் காட்டச் சொல்லலாம். எங்கள் தெருவில் கேட்கிற ஒரே ஆள் நான்தான் என்பதால் என்னைக் கண்டாலே முகத்தைச் சுளிப்பார்.

இன்னும் எத்தனை நாள் வரும் என்று பார்க்கச் சிலிண்டரைத் தூக்கி ஆட்டுவதைவிட நல்ல வழி இருக்கிறது. ஈரத் துணியால் மேலிருந்து கீழ்வரை ஒரு துடை துடைத்துவிட்டு இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள். மேல்பாதி சட்டென்று காயும், கீழே ஈரம் அப்படியே நிற்கும். ஈரமும் காய்ந்த இடமும் சேரும் கோடுதான் உள்ளே திரவம் நிற்கும் மட்டம். திரவம் இருக்கும் பகுதி குளிர்ச்சியாக இருப்பதால் அங்கே தாமதமாகக் காய்கிறது. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஆலை இன்ஜினியர் இல்லை, டீக்கடைக்காரர்.

கடைசியாக ஒன்று. கேஸுக்குச் சொந்த வாசனை கிடையாது. கசிந்தால் தெரியவேண்டும் என்று மெர்காப்டன் என்ற நாற்றப்பொருளைத் துளி சேர்ப்பார்கள். கேஸ் காற்றைவிடக் கனம், ஆகவே தரையோரமாகத்தான் தேங்கும். வாடை வந்தால் மின்விசிறி சுவிட்சைத் தொடாமல் முதலில் கதவு ஜன்னலைத் திறக்கச் சொல்வது அதனால்தான்.

டப்பாக்கட்டு:

பேக்கிங் பிரிண்டிங் வேலை என்னுடையது, ஆகவே மற்ற இரண்டுக்கும் நான். டியூப் அடியில் இருக்கும் கலர் கட்டம் மெஷினுக்கு. டியூப் வேகமாக ஓடும்போது ஒரு சென்சார் அந்தக் கட்டத்தைப் பார்த்து 'இங்கே வெட்டு, இங்கே மடி' என்று சொல்லும். டிசைனில் இருக்கும் நிறத்திலிருந்து பளிச்சென்று வேறுபட்டுத் தெரியும் எந்த நிறமும் போடலாம். பச்சைக் கட்டம் போட்டதையும் கறுப்பு போட்டதையும் ஒரே நாளில் நானே அச்சடித்திருக்கிறேன், உள்ளே என்ன போகிறது என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. சிப்ஸ் பாக்கெட் ஓரத்திலும் இதே கட்டம் இருக்கும், பாருங்கள்.

890 என்பது அந்தப் பார்கோடு எண்ணை இந்தியாவில் பதிவு செய்து வாங்கியிருக்கிறார்கள் என்பதை மட்டும்தான் சொல்லும். பொருளை எங்கே செய்தார்கள் என்பது அதில் இல்லை. வெளிநாட்டில் செய்து வாங்கி இங்கே தன் பெயரில் விற்கும் கம்பெனியும் 890 போடும்.

நல்லதைப் பகிர்வோம்:

எங்கள் குடியிருப்பு குரூப்பில் போன வருடமே போட்டேன், இருநூறு பேர் நன்றி சொன்னார்கள், ஒருவர்கூட இப்படிச் சொல்லவில்லையே. திருத்திப் போட்டுவிடுகிறேன். ஈரத்துணி விஷயத்தையும் சேர்த்துக்கொள்ளலாமா?

ரெகுலேட்டர்:

தாராளமாக. 'அனைவருக்கும் அனுப்பவும்' மட்டும் வேண்டாம்.

கதிரை:

நான் யாழ்ப்பாணம், இப்ப இருபது வருசமாய் சுவிஸ். எங்கட ஆட்கள் பலரையும் போல நானும் வந்த புதிதில் உணவகக் குசினியில்தான் வேலை. பக்கத்தில் கோப்பை கழுவினவர் ஒரு போர்த்துக்கல்காரர். எனக்கு ஜெர்மன் பாதி, அவருக்கு அதிலும் பாதி. ஒரு நாள் கால் நோகுது என்று அவர் இருக்க ஏதும் வேணும் எண்டு கையைக் காட்டிக் கேட்கிறார், "கதெய்ரா, கதெய்ரா" எண்டு. நான் யோசிக்காமலே கதிரையைத் தூக்கிக் கொடுத்திட்டன். கொடுத்த பிறகுதான் இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தம்.

அதுக்குப் பிறகு எங்களுக்கு அது ஒரு விளையாட்டாய்ப் போச்சுது. ஓய்வு நேரத்தில் ஒவ்வொரு சாமானாய்த் தொட்டுக் காட்டிச் சொல்லுவம். அவருக்குச் சபாத்து, எங்களுக்குச் சப்பாத்து (ஷூ). அவருக்குத் துவாள்யா, எங்களுக்குத் துவாய் (துண்டு). ஜன்னல் அவருக்கு ஜனேலா, திறப்பு அவருக்கு ஷாவ், நீங்கள் இந்தியாவில் சாவி எண்டு சொல்லுறது. அலமாரி, அன்னாசி, வாங்கு (பெஞ்ச்), அலவாங்கு (கடப்பாரை) எல்லாம் அங்கையிருந்து வந்தது. பாண் (பிரெட்) எண்டு சொன்னால் அவர் மூக்கால் சொல்லுவார், ஆனால் அதேதான். அம்மம்மா காலையில் பாண் வாங்க அனுப்பேக்க நான் போர்த்துக்கேயம் கதைச்சுக்கொண்டு போயிருக்கிறன் எண்டு எனக்கு முப்பது வயதில்தான் தெரிஞ்சுது.

போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தை 1619-இல் பிடிச்சவை, 1658-இல் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) வந்தவை. ஒல்லாந்தரும் சும்மா போகேல்லை. ஒபிசுக்குக் கந்தோர் எண்டு பழைய ஆட்கள் சொல்லுவினம், மேசை இழுப்பறைக்கு லாச்சி எண்டு சொல்லுவம், இரண்டும் ஒல்லாந்துச் சொல்லு. கக்கூசும் அவையள் தந்ததுதான், அது உங்களிட்டையும் இருக்குது.

மிளகுரசம்:

கக்கூஸ் டச்சா?! எங்கள் தாத்தா அதைச் சுத்தத் தமிழ் என்று நினைத்து, ஆங்கிலத்தில் டாய்லெட் என்று சொல்லும் எங்களைத் திட்டுவார்.

நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன், சமையலறையில் இருந்து. மிளகாய் என்ற பெயரை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். மிளகு, காய். அமெரிக்கக் கண்டத்துச் செடி, போர்த்துக்கீசியர்தான் கப்பலில் கொண்டுவந்தார்கள். அதுவரை இங்கே உறைப்புக்கு இருந்தது மிளகு, புதிதாக வந்த உறைப்பான காய்க்கு அந்தப் பெயரையே சேர்த்துவிட்டார்கள். பறங்கிக்காய் இன்னும் வெளிப்படை, வெள்ளைக்காரன் கொண்டுவந்த காய். மாமியார் திவசத்துக்கு மிளகாய் சேர்க்கமாட்டார், மிளகுதான். ஏன் என்று கேட்டால் "சேர்க்கக்கூடாது" அவ்வளவுதான் பதில். மிளகாய் வருவதற்கு முந்தைய சமையல் அந்த ஒரு நாளில் மட்டும் உயிரோடு இருக்கிறது என்பது என் ஊகம், அவரிடம் சொல்லவில்லை.

609602:

காரைக்கால். என் பெயருக்குப் பதில் பின்கோடை வைத்திருக்கிறேன், காரணம் இருக்கிறது.

எங்கள் ஊர் புதுச்சேரி யூனியன் பிரதேசம். ஆனால் சுற்றி நாலு பக்கத்தில் மூன்று பக்கம் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல். ஆன்லைனில் எந்தப் படிவத்தில் 609602 என்று அடித்தாலும் மாநிலம் என்ற இடத்தில் அதுவாகவே 'தமிழ்நாடு' என்று நிரப்பிக்கொண்டு மாற்றவிடாமல் பூட்டிக்கொள்ளும் படிவங்கள் இருக்கின்றன. கல்லூரி விண்ணப்பத்தில் இப்படி ஆகி, ஆதாரில் ஒரு மாநிலம், விண்ணப்பத்தில் வேறு மாநிலம் என்று மூன்று தடவை அலையவிட்டார்கள். அந்தக் கடுப்பில்தான் பின்கோடு எப்படி வேலை செய்கிறது என்று தபால் நிலையத்தில் கவுண்டரில் இருந்த அக்காவிடம் கேட்டேன். கூட்டம் இல்லாத நேரம், பொறுமையாகச் சொன்னார்.

பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15. முதல் இலக்கம் மண்டலம். 6 என்றால் தமிழ்நாடும் கேரளமும். முதல் இரண்டு சேர்ந்தால் இன்னும் கொஞ்சம் குறுகும், 67, 68, 69 கேரளம். முதல் மூன்று சேர்ந்தது தபாலைப் பிரிக்கும் மாவட்டம். கடைசி மூன்று எந்தத் தபால் நிலையம் பட்டுவாடா செய்கிறது என்பது. இதில் முக்கியம், இது கடிதம் போகும் பாதைக்கான எண், மாநில எல்லைக்கான எண் இல்லை. அதனால் எங்கள் ஒரே யூனியன் பிரதேசத்தின் நாலு துண்டும் நாலு விதமாக இருக்கிறது. புதுச்சேரி 605001, நாங்கள் 609602, கேரளத்துக்குள் இருக்கும் மாஹே 673310, ஆந்திரத்துக்குள் இருக்கும் ஏனாம் 533464. ஏனாமுக்கு முதல் இலக்கமே வேறு மண்டலம். தபால்காரருக்கு இது தெளிவாகத் தெரிகிறது, படிவம் எழுதிய ஆளுக்குத்தான் தெரியவில்லை.

இன்னொன்றும் அந்த அக்கா சொன்னார், ராணுவத்துக்குப் போகும் தபாலுக்கு முதல் இலக்கம் 9. அவர் கணவர் ராணுவத்தில் இருக்கிறாராம், கல்யாணமான புதிதில் வாரம் இரண்டு 9 எழுதியிருக்கிறார்.

வாடகைக்கார்:

எனக்குச் சின்னது. காரில் பெட்ரோல் முள் பக்கத்தில் பங்க் படம் இருக்குமே, அதன் ஓரத்தில் குட்டி முக்கோணம். அது எந்தப் பக்கம் காட்டுகிறதோ அந்தப் பக்கம் டேங்க் மூடி. ஃபோர்டு கம்பெனியில் ஜேம்ஸ் மொய்லன் என்ற இன்ஜினியர் 1986-இல் சொன்ன யோசனை. மழையில் நனைந்துகொண்டு தப்பான பக்கம் வண்டியை நிறுத்தியவர் சொல்லாமல் வேறு யார் சொல்வார். நான் ஆறு வருடம் வேறு வேறு கார் ஓட்டிவிட்டு, ஒவ்வொரு தடவையும் இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் பங்க்குக்குள் போவேன். சொன்னது பின்சீட்டில் இருந்த பயணி.

மூணுபின்:

எலெக்ட்ரீசியன். பிளக்கில் மேலே இருக்கும் பின் மட்டும் நீளம், தடி. எர்த். நீளமாக இருப்பதால் சொருகும்போது முதலில் அதுதான் தொடும், உருவும்போது கடைசியாக விடும். கரண்டு வருவதற்கு முன்னாலேயே பாதுகாப்பு வந்துவிடும், கரண்டு போன பிறகுதான் பாதுகாப்பு போகும். தடியாக இருப்பதால் தவறிக்கூட மற்ற ஓட்டையில் நுழையாது. நிறைய வீட்டில் அந்தப் பின்னை உடைத்துவிட்டு இரண்டு பின்னில் ஓட்டுகிறார்கள், 'இறுக்கமா இருக்கு' என்று. வாஷிங் மெஷினைத் தொட்டால் சுர்ரென்கிறது என்று அப்புறம் எனக்குத்தான் போன் வரும்.

மருந்துச்சீட்டு:

மாத்திரை அட்டையில் நெடுக ஒரு சிவப்புக் கோடு இருந்தால் டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக்கூடாத மருந்து என்று அர்த்தம். ஆன்டிபயாடிக் பற்றி மக்களுக்குத் தெரியவேண்டும் என்று 2016-இல் அரசே இதைப் பிரசாரம் செய்தது. நான் மெடிக்கல் ஷாப்பில் நிற்கிறேன். கோட்டைக் காட்டி "சீட்டு இருக்கா" என்றால், "அது டிசைன்மா, குடு" என்கிறார்கள்.

மொட்டைமாடி:

இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ராத்திரி பதினொரு மணிக்கு டார்ச்சோடு சமையலறையில் சிலிண்டருக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு பட்டையைப் பார்த்தேன். பி-28. ஈரத்துணியும் போட்டேன், கோடு கிட்டத்தட்ட அடியில் நிற்கிறது. சத்தத்தில் அம்மா எழுந்து வந்துவிட்டாள். திரவ மட்டம், குளிர்ச்சி என்று எல்லாம் விளக்கினேன். கேட்டுவிட்டு, "அடுப்பு நெருப்பு நேத்துலேர்ந்தே குள்ளமா எரியுது, அதைப் பாத்தா தெரியாதா" என்றாள்.

வந்ததுக்கு ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்து, நான் சாயங்காலம் உடைத்து வைத்த தேங்காயில் கண் இல்லாத மூடியைத் துருவியிருக்கிறேன் என்று அதற்கும் ஒரு பாட்டு. கண் இருக்கும் மூடிதான் சீக்கிரம் கெடும், அதை முதலில் எடுக்கவேண்டுமாம். மூன்று கண்ணில் ஒன்று மட்டும் மெத்தென்று இருக்கிறது, விரல் நகத்தாலேயே குத்த முடிகிறது, முளை வெளியே வருவது அது வழியாகத்தான். இதை ஏன் இத்தனை வருடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீ எப்போ தேங்கா துருவினே?"